வெளிவட்டில் இருந்த ஃபோல்டருக்கு சிங்க் நின்றுவிட்டது: 1.4 டிபி ஒலிப்பதிவுகளை எப்படிக் காப்பது?

விடியல்ஒலி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பாதி விவரத்தைச் சொல்லிக் கேட்டால் பதிலும் பாதிதான் கிடைக்கும்.

நான் ஒன்பது வருடமாகப் பறவைக் குரல்களைப் பதிவு செய்து வருகிறேன். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மைக்கைக் கட்டிவிட்டு, ஐம்பது அறுபது அடி தள்ளி உட்கார்ந்துவிடுவேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. அந்தத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே வரும். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால், அரை மணி நேரத்துக்கு ஒரு ஃபைலாக வெட்டிச் சேமிக்கும்படி ரெக்கார்டரில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மொத்தம் 1.4 டிபி, கிட்டத்தட்ட 670 மணி நேரம்.

இவற்றைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது. நான் போன இடங்களில் இரண்டு இப்போது இல்லை. ஒன்றில் சாலை வந்துவிட்டது, இன்னொன்றில் குளத்தையே தூர்த்துவிட்டார்கள். அந்தக் குளக்கரையின் குரல்கள் இந்த ஃபைல்களில் மட்டும்தான் மிச்சம்.

என்னிடம் இருப்பது 512 ஜிபி மேக் லேப்டாப், அதில் காலி 90 ஜிபி. ஒரு 2 டிபி வெளி எஸ்எஸ்டி, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தது, ஏனென்றால் ஆய்வு வேலைக்கு அதையே விண்டோஸ் கணினியிலும் செருகுவேன். கிளவுட் ஃபோல்டரை அந்த எஸ்எஸ்டியில்தான் வைத்திருந்தேன். பதிவு முடிந்து வந்ததும் கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்குக் காப்பி, இரவெல்லாம் அது தானாக சிங்க் ஆகி மேலே, கிளவுடுக்கு, ஏறும், காலையில் பச்சை டிக். ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. இனி வெளிவட்டுக்கு ஆதரவு இல்லை, புதிய பதிப்பில் ஃபோல்டர் லேப்டாப்பின் ஹோம் ஃபோல்டருக்குள்தான் இருக்கும், இடம் போதாவிட்டால் ஃபைல்களை ஆன்லைனில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று. மூன்று வாரம் முன்பு அப்டேட் செய்தேன். லேப்டாப்பில் புதிய ஃபோல்டர் வந்தது. உள்ளே 2016 முதல் எல்லா வருடமும், எல்லாப் பெயர்களும், சரியான அளவுகளோடு இருந்தன. பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில்தான் தப்பு நடந்தது. எஸ்எஸ்டியிலும் அதே ஃபோல்டர்கள் இருந்தன. ஒரே பொருள் இரண்டு இடத்தில் எதற்கு என்று, புதுப் பதிவுகளுக்கு இடம் வேண்டும் என்பதால், எஸ்எஸ்டியில் இருந்த 2016 ஃபோல்டரை டெலிட் செய்து குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். 62 ஃபைல், 64 ஜிபி.

போன வாரம் இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, 2016 பதிவு ஒன்றை லேப்டாப்பில் திறந்தேன். திறக்கவில்லை. தகவல் ஜன்னலில் பார்த்தால் அளவு 1.04 ஜிபி, பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'வட்டில் பூஜ்ஜியம் பைட்'. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், 62-உம் அப்படித்தான்.

அதோடு, இந்த மூன்று வாரத்தில் எஸ்எஸ்டியில் போட்ட 36 புதிய ஃபைல்களில் ஒன்றுகூட மேலே ஏறவில்லை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

2016 எனக்குத் திரும்பக் கிடைக்குமா? இதை ஏன் இப்படி மாற்றினார்கள்? இனி இந்த 1.4 டிபியை எந்த முறையில் வைத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கட்டளைவரி

அக்கா, முதலில் இதைச் செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். லேப்டாப்பில் சிங்க்கைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். எஸ்எஸ்டியிலும் சரி, லேப்டாப் ஃபோல்டரிலும் சரி, எதையும் டெலிட் செய்யாதீர்கள், இழுத்து வேறு இடத்துக்கு மாற்றவும் வேண்டாம். பிறகு பிரவுசர் வழியாக உங்கள் கணக்கில் நுழைந்து 2016 ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நம்புகிறேன். நீங்கள் டெலிட் செய்த நேரத்தில் எஸ்எஸ்டி ஃபோல்டருக்கும் கணக்குக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அந்த டெலிட் மேலே போயிருக்க வழியில்லை. 36 புதிய ஃபைல் ஏறாததற்கும் அதுதான் காரணம்.

லேப்டாப்பில் நீங்கள் பார்ப்பது வெறும் பெயர்ப்பலகை. ஃபைலின் பெயர், தேதி, அளவு எல்லாம் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. திறக்கும்போதுதான் இறங்கும். ஆனால் அந்தப் பெயர்ப்பலகையை டெலிட் செய்தால் கிளவுடில் இருக்கும் உண்மையான ஃபைலும் போய்விடும். லேப்டாப்பில் இடம் வேண்டுமென்றால் 'டவுன்லோடை நீக்கு' என்பதை மட்டும் அழுத்துங்கள். மெனுவில் அதுவும் டெலிட்டும் அடுத்தடுத்து இருக்கும், கவனம்.

ஏன் மாற்றினார்கள் என்பதற்கு வருகிறேன். சேவையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, தேவையும் இல்லை, காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பெயர்ப்பலகை ஃபைல்களைக் காட்ட, சிங்க் நிரல்கள் மேக்கின் கெர்னலுக்குள்ளேயே, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியிலேயே, தங்கள் துண்டு ஒன்றைச் செருகி வைத்தன. ஆப்பிள் அந்த வழியைப் படிப்படியாக மூடியது. 2022 மார்ச்சில் வந்த மேக்ஓஎஸ் 12.3-இல் டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் நம்பியிருந்த பழைய ஏற்பாடு நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஆப்பிள் தந்தது ஃபைல் புரொவைடர் என்ற ஏற்பாடு. அதில் ஃபோல்டர் எங்கே இருக்கும் என்பதை ஆப்பிள்தான் முடிவு செய்கிறது: ஹோம் ஃபோல்டருக்குள் லைப்ரரி, அதற்குள் கிளவுட்ஸ்டோரேஜ். எந்த ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக்கொள்வது, இடம் குறைந்தால் எதைக் காலி செய்வது என்பதிலும் சிஸ்டத்துக்குப் பங்கு உண்டு. உள்ளடக்கம் இல்லாத ஃபைல் என்பது ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் (வட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) வசதி. உங்கள் எக்ஸ்ஃபேட்டில் அப்படி ஒன்று கிடையாது.

மேக்கில் மட்டும் நடந்ததில்லை இது. 2017-இல் ஒன்டிரைவ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் அல்லாத வட்டுகளில் ஃபோல்டர் வைக்க மறுத்தது. எஸ்டி கார்டில் வைத்திருந்தவர்கள் பலர் அப்போது மாட்டிக்கொண்டார்கள். 2018 நவம்பரில் டிராப்பாக்ஸ், லினக்ஸில் எக்ஸ்ட்4 தவிர மற்ற ஃபைல் சிஸ்டங்களை நிறுத்தியது. அடுத்த வருடமே எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்றவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எல்லா இடத்திலும் ஒரே கதை: ஃபைலோடு சேர்த்துத் தன் சொந்தக் குறிப்புகளையும் எழுதிவைக்க சிங்க் நிரல் விரும்புகிறது, அதற்கு இடம் தராத ஃபார்மேட்டை ஒதுக்கிவிடுகிறது.

2024-இல் வந்த மேக்ஓஎஸ் 15-இல் ஆப்பிள், ஃபைல் புரொவைடரை வெளிவட்டுக்கும் திறந்துவிட்டது. ஆனால் வட்டு ஏபிஎஃப்எஸ்ஸாக இருக்க வேண்டும், என்கிரிப்ட் செய்திருக்க வேண்டும், அதோடு உங்கள் சேவை அந்த வசதியைத் தன் நிரலில் சேர்த்திருக்கவும் வேண்டும். உங்களுடையது சேர்த்திருந்தாலும் நான் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை பிரவுசரில் பார்த்துவிட்டு வாருங்கள், எழுதுகிறேன்.

பழையவட்டு

தம்பி சொன்னதில் இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். எனக்கு நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

வெளிவட்டு எந்த நேரமும் காணாமல் போகும் பொருள். கேபிள் ஆடும், வேறு கணினியில் செருகுவோம், லேப்டாப் தூங்கி எழும்போது வட்டு எழாது. அப்போது சிங்க் நிரலுக்குத் தெரிவது ஒன்றுதான்: போன நிமிடம் இருந்த நாற்பதாயிரம் ஃபைல் இப்போது இல்லை. வட்டைக் கழற்றினாரா, ஃபைல்களை அழித்தாரா? தப்பாக ஊகித்தால் மேலே இருப்பதெல்லாம் போய்விடும்.

நல்ல நிரல்கள் இதற்கு ஓர் அடையாளத்தை வைத்திருக்கின்றன. உதாரணமாக சிங்க்திங், ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைவாக ஒரு குட்டி ஃபோல்டரை வைக்கும். அது கண்ணில் படவில்லை என்றால் எதையும் தொடாமல், 'அடையாளம் காணவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். இந்தக் காவல் எல்லா நிரலிலும் ஒரே அளவு உறுதியாக இருப்பதில்லை.

எனக்கு நடந்தது மேக்கில்தான். வட்டு சரியாகக் கழலாமல், அது இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் தங்கிவிட்டது. மறுபடி செருகியபோது சிஸ்டம் வட்டுக்குப் பெயரின் பின்னால் ஒரு '1' சேர்த்துக்கொண்டது. சிங்க் நிரல் பழைய பெயரில் போய்ப் பார்த்தது, காலி ஃபோல்டர்தான் கிடைத்தது. ஆறு வருடக் குடும்பப் படங்கள், 200 ஜிபி, கிளவுடில் குப்பைத் தொட்டிக்குப் போயின. வட்டில் படங்கள் பத்திரமாக இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து வட்டு செயலிழந்தது. மேலே போய்ப் பார்த்தேன், குப்பைத் தொட்டியின் 30 நாள் கெடு சில நாளுக்கு முன்பே முடிந்திருந்தது.

அம்மா, உங்கள் 30 நாளும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் 2016 ஃபோல்டரைத் தேடும்போதே 'டெலிட் செய்தவை' என்ற பக்கத்தையும் திறந்துவிடுங்கள். கூகுள் டிரைவ், ஐகிளவுட் டிரைவ், தனிநபர் ஒன்டிரைவ் மூன்றிலும் 30 நாள்தான். டிராப்பாக்ஸின் சாதாரணக் கணக்கிலும் அதுவே.

விடியல்ஒலி

இருவருக்கும் நன்றி. பிரவுசரில் பார்த்தேன். 2016 இருக்கிறது, 62 ஃபைலும் இருக்கின்றன. ஒன்றை அங்கேயே ஓடவிட்டுக் கேட்டேன், சத்தம் வருகிறது. டெலிட் செய்தவை பக்கம் காலி. பார்த்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, உங்கள் படங்களைப் பற்றிப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. அதைத் திரும்ப நினைத்து எங்களுக்காக எழுதியதற்கு நன்றி.

அடுத்து என்ன செய்ய வேண்டும்? 2016-ஐ லேப்டாப்பில் இறக்கினால் 90 ஜிபியில் 64 போய்விடும், சிஸ்டம் மறுபடி காலி செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பிரவுசரில் மொத்தமாக இறக்கினால் ஜிப் ஆக வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

கட்டளைவரி

நல்ல செய்தி. சரி, வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இன்றைக்கு: இன்னொரு வட்டு வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். 2 டிபி போதும், வேகம் முக்கியமில்லை, சாதாரண சுழலும் ஹார்ட் டிஸ்க்கே போதும். எஸ்எஸ்டியில் இருப்பதை அப்படியே அதில் காப்பி செய்யுங்கள். இந்த நிமிடம் அந்த 36 புதிய ஃபைலும் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன. 2016-ஐவிட அவைதான் ஆபத்தில் இருக்கின்றன.

அது முடிந்ததும் 2016. இதற்கு ஆர்குளோன் என்ற இலவச நிரல் இருக்கிறது. கட்டளை தட்டி ஓட்ட வேண்டும், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது மூன்றே கட்டளைதான். கணக்கை ஒருமுறை இணைத்துவிட்டால், கிளவுடில் இருக்கும் ஃபோல்டரிலிருந்து நேராக எஸ்எஸ்டிக்கு இறக்கும். லேப்டாப் வட்டில் இடம் எடுக்காது, ஜிப்பும் கிடையாது. பாதியில் நின்றால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். உங்கள் இணைப்பு 50 எம்பிபிஎஸ் என்றால் 64 ஜிபிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

ஆர்குளோனில் 'காப்பி' என்றும் 'சிங்க்' என்றும் இரண்டு கட்டளை உண்டு. 'காப்பி' இல்லாததைச் சேர்க்கும், மாறியதைப் புதுப்பிக்கும், எதையும் அழிக்காது. 'சிங்க்' மூலத்தில் இல்லாததை மறுபக்கத்தில் அழித்துவிடும். நீங்கள் 'காப்பி' மட்டும் பயன்படுத்துங்கள். எதை ஓட்டுவதாக இருந்தாலும் முதலில் 'டிரை ரன்' சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் போடும். அந்தப் பட்டியலை நிஜமாகவே உட்கார்ந்து படியுங்கள். மூன்றாவது கட்டளை 'செக்'. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடும். சேவை தரும் ஹாஷ் குறியீட்டை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி) வைத்து ஒப்பிடுவதால், அளவு சரியாக இருந்து உள்ளே கெட்டுப்போன ஃபைலும் மாட்டிக்கொள்ளும்.

இனி நிரந்தர ஏற்பாடு. மேக்ஓஎஸ் 15 வழியைச் சொல்ல மாட்டேன் என்றேன் இல்லையா, காரணம் இதுதான். அதில் உங்கள் எஸ்எஸ்டி மறுபடியும் சிங்க் நிரலின் கைக்குப் போய்விடும். எதை வட்டில் வைப்பது, எதைப் பெயர்ப்பலகையாக விடுவது, எங்கே ஃபோல்டரை வைப்பது எல்லாம் அவர்கள் முடிவு. நாளைக்கு இன்னொரு மெயில் வந்தால் இதே இடத்தில் நிற்பீர்கள். பல பேர் மாற்றி மாற்றித் திருத்தும் ஆவணங்களுக்கு சிங்க் அருமையானது, நானே நாள் முழுக்கப் பயன்படுத்துகிறேன். உங்கள் பதிவுகள் அப்படிப்பட்டவை இல்லை. ஒருமுறை எழுதியபின் மாறுவதே இல்லை. அவற்றுக்குத் தேவை ஒரே திசையில் போகும் காப்பி. எஸ்எஸ்டிதான் மூலம். அதிலிருந்து இரண்டாவது வட்டுக்கு ஒரு காப்பி, கிளவுடுக்கு ஒரு காப்பி. இரண்டும் நீங்கள் சொல்லும்போது மட்டும் ஓடும். திரும்பி வரும் பாதை கிடையாது, அதனால் மேலே என்ன நடந்தாலும் வட்டில் எதுவும் அழியாது.

லேப்டாப்பில் சிங்க் நிரல் தேவையில்லை என்றால் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு நிரலை எடுத்துவிடுங்கள். முதலில் வெளியேறுவது, பிறகு எடுப்பது. நிரல் ஓடும்போது அந்த ஃபோல்டரை வெளியே இழுத்தால், நிரலின் கணக்கில் அது டெலிட்.

வட்டுக்கு வட்டு காப்பி செய்யக் கட்டளை வேண்டாம் என்றால் ஃப்ரீஃபைல்சிங்க் நன்றாக இருக்கும். அதிலும் 'மிரர்' வேண்டாம், 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்ஃபேட் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, இல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் உருவப்பட்டால் ஃபோல்டர் பட்டியலே சேதமாகலாம். இரண்டு கணினிக்கும் போய்வரும் எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட்டிலேயே இருக்கட்டும். ஓரிடத்தில் இருக்கப்போகும் இரண்டாவது வட்டை ஏபிஎஃப்எஸ்ஸில் வையுங்கள்.

விடியல்ஒலி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது வட்டுக்குப் பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வீட்டிலேயே இருந்தது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மேட், மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினேன். காப்பி முடிந்தது. ஆனால் சரிபார்க்கும்போது ஒரு பிரச்சினை.

என் பழக்கம், இரண்டு பக்கமும் ஃபைல் பட்டியலை எடுத்து ஒப்பிடுவது. எஸ்எஸ்டியின் பட்டியலை விண்டோஸில் எடுத்தேன், ஹார்ட் டிஸ்க்கின் பட்டியலை மேக்கில் எடுத்தேன். ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான ஃபைல் 'இங்கே இல்லை' என்று வருகிறது, அதே எண்ணிக்கை 'அங்கே கூடுதல்' என்றும் வருகிறது. கண்ணால் பார்த்தால் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

ஃபோல்டர்களுக்கெல்லாம் தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறேன். கொண்டலாத்தி, செம்போத்து, மீன்கொத்தி, கோட்டான் ஆகிய நான்கிலும் வேறுபாடு காட்டுகிறது. குயில், மைனா, ஆந்தை, தவிட்டுக்குருவி இவற்றில் ஒன்றுமே இல்லை, எல்லாம் சரி. வட்டு கெட்டுவிட்டதா?

உயிர்மெய்

வட்டு கெடவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பட்டியலிலேயே விடை இருக்கிறது. முதல் நான்கு பெயரிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது: கொ, போ, கொ, கோ. இரண்டாவது வரிசையில் ஒன்றில்கூட இல்லை.

எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு 'ொ' என்ற ஒற்றைக் குறி. அல்லது க, அதன் பின் 'ெ', அதன் பின் 'ா' என்று கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒரு புள்ளிகூட வேறுபடாது. கணினிக்கு முதலாவது இரண்டு குறி, இரண்டாவது மூன்று குறி. 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதை. 'ை' பிரியாது, அதனால் மைனாவும் ஆந்தையும் தப்பித்தன.

எச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்போதும் பிரித்துத்தான் சேமிக்கும். நீங்கள் விண்டோஸில் தட்டச்சு செய்த பெயர் சேர்ந்த வடிவில் எக்ஸ்ஃபேட்டில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உங்கள் இரண்டு பட்டியலும் பொருந்தவில்லை. ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் எக்ஸ்ட்4-க்கும் சாதாரணமாக அவை இரண்டு வேறு பெயர்கள். அங்கே ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு கொண்டலாத்தி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று பழைய நகல் என்று நினைத்து யாராவது ஒன்றை அழித்துவிடுவார்கள். உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்காமல் அப்படிச் செய்யக் கூடாது.

ஆர்குளோன் ஒப்பிடும்போது இயல்பாகவே இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பார்க்கும். அதனால் உங்கள் பட்டியல் முறையை விட்டுவிட்டு, எஸ்எஸ்டிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் இடையிலேயே 'செக்' ஓட்டிப் பாருங்கள். தமிழில் பெயர் வைப்பதை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

விடியல்ஒலி

நிறுத்த மாட்டேன். 'செக்' ஓட்டினேன். வேறுபாடு பூஜ்ஜியம். கட்டளைவரி சொன்னபடி, அதற்குப் பிறகு இன்னொரு வட்டு வாங்கி ஏபிஎஃப்எஸ்ஸில் போட்டு மறுபடி காப்பி எடுத்துவிட்டேன், பழைய ஹார்ட் டிஸ்க் மூன்றாவதாக இருக்கட்டும் என்று அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

2016 நேற்று இரவு இறங்கியது. நடுவில் இரண்டு முறை இணைப்பு போனது, அதே கட்டளையை மறுபடி தட்டினேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. 62-க்கு 62. புதிய 36 ஃபைலையும் மேலே ஏற்றிவிட்டேன். முதலில் டிரை ரன் போட்டு, பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். லேப்டாப்பில் கணக்கிலிருந்து வெளியேறி, நிரலையும் எடுத்தாகிவிட்டது. காப்பி ஓட்ட வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பதிவுக்கும் அடுத்த நாள் காலை.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு, எஸ்எஸ்டியிலிருந்து 2016-இன் குளக்கரைப் பதிவு ஒன்றைத் திறந்தேன். முதல் இரண்டு நிமிடம் தவளைகள் மட்டும். மூன்றாவது நிமிடத்தில் இடது பக்கம், தூரத்தில், செம்போத்து. ஊப் ஊப் என்று ஏழு தடவை. எட்டாவது தடவைக்கு வலது பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கிறது. அரை மணி நேரமும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.